கடைமடை மண்ணுக்கு ஓர் ஆய்வாளர் தேவை

நான் ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் தட்டச்சராகச் சேர்ந்து, முப்பத்தாறு ஆண்டுகள் கழித்துக் கண்காணிப்பாளராக வெளியே வந்தேன். இப்போது அந்த நாற்காலியில் இருக்கும் செந்தில் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். இனிமேல் விண்ணப்பம் எதுவும் தாளில் வராது, எல்லாம் இணையத்தில்தான் என்றார். வயது வரம்பைத் தாண்டியவர்களைக் கணினியே நிறுத்திவிடுமாம், அடுத்த பக்கத்துக்குப் போக விடாதாம்.

"ஆராய்ச்சி மாணவர்கள் ஒரு மலர் போடுறாங்க மேடம். பிஎச்டி முடிச்சப்புறம் இடம் எப்படித் தேடுறதுன்னு நீங்க எழுதிக் கொடுங்க. ரெண்டு பக்கம் போதும்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோது வளர்மதிதான் நினைவுக்கு வந்தாள். வயது வரம்பு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அவள் நினைவுதான் வரும். அதனால் அவளைப் பற்றியே எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது. செந்தில் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் சொந்த ஊர் பேராவூரணி. தாவரவியல் படித்தேன். மேலே படிக்க ஆசை இருந்தது, வீட்டில் மூத்தவள் என்பதால் வேலைக்கு வந்தேன். முதல் பத்து ஆண்டுகள் மற்றவர்களின் ஆய்வுச் சுருக்கங்களைத் தட்டச்சு செய்தே கழிந்தன. பகுதி நேர ஆய்வுக்குப் பதிவு செய்யும் படிவம் ஒன்றை ஒரு முறை வாங்கினேன். பெயரும் பிறந்த தேதியும் எழுதியதோடு சரி. அதன் பிறகு பிள்ளைகள், மாமியாரின் உடல்நிலை, பதவி உயர்வுத் தேர்வு. தட்டச்சு இயந்திரம் போய்க் கணினி வந்தது. அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

முனைவர் பட்டம் வாங்கியவருக்கு உடனே ஆசிரியர் வேலை கிடைத்துவிடாது. கிடைக்கும்வரை இரண்டு, மூன்று ஆண்டுகள் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து ஆராய்ச்சி செய்வார்கள். தாளில் அவர்களை முதுமுனைவர் ஆய்வாளர் என்று எழுதுவோம். பேச்சில் போஸ்ட் டாக். டெல்லியிலிருந்து திட்டத்துக்கு ஒப்புதல் வரும். நாங்கள் விளம்பரம் கொடுப்போம். வந்த உறைகளுக்கு எண் போட்டு, பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும், படிப்புக்குப் பட்டச் சான்றிதழையும் சரிபார்த்து, தகுதி உள்ளவர் இன்னார், இல்லாதவர் இன்னார் என்று ஒரு குறிப்பு எழுதுவேன். அதில் துணைப் பதிவாளர் கையெழுத்திட்ட பிறகுதான் நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் போகும். தகுதி இல்லை என்று நான் எழுதியவரின் முகத்தைத் தேர்வுக் குழு பார்க்கவே பார்க்காது. இந்த வேலையின் கனம் எனக்கு வெகுநாள் புரியவில்லை.

துணைப் பதிவாளராக இருந்தவர் ராஜமாணிக்கம் சார். குறிப்பைக் கொண்டுபோனால் அவர் கையை நீட்ட மாட்டார். எதிரே இருக்கும் நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க, வாசிங்க" என்பார். நாமே எழுதியதை நாமே உரக்க வாசிக்க வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். முதலில் எனக்கு இது அவமானமாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையா நான் என்று வீட்டில் வந்து புலம்பியிருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, எழுதும்போது கண்ணுக்குத் தப்பிய பிழை வாசிக்கும்போது நாக்கில் தடுக்கும். தடுக்கிய இடத்தில் அவர் கண்ணைத் திறந்து பார்ப்பார். கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவேன்.

வளர்மதி விண்ணப்பித்த ஆண்டில் வந்த திட்டம் டெல்டாவின் கடைமடை நிலங்களைப் பற்றியது. ஆற்று நீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடலோர வயல்கள். கடல் நீர் ஏறி உப்புப் பூத்த மண்ணில் எந்த நுண்ணுயிர் பிழைத்திருக்கிறது, அது நெற்பயிருக்கு உதவுமா என்று பார்க்க ஒரே ஒரு முதுமுனைவர் ஆய்வாளர் இடம். வயது முப்பத்தைந்துக்கு மிகக் கூடாது.

வந்த விண்ணப்பங்களில் வளர்மதியுடையதும் ஒன்று. வேதாரண்யத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குடும்பம். படிப்பு முடித்துத் தம்பிகளைக் கரையேற்ற ஆறு ஆண்டுகள் நாகப்பட்டினத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்துவிட்டு, அப்புறம்தான் ஆராய்ச்சிக்கு வந்திருந்தாள். 'ஏன் இந்த ஆய்வு' என்ற கேள்விக்கு மற்றவர்கள் புத்தகத்தில் இருந்து எடுத்து எழுதியிருந்தார்கள். அவள் எழுதியிருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கடல் ஊருக்குள் வந்த வருஷம் தன் பள்ளித் தோழியின் வயல் வெள்ளையாகப் போனது என்றும், அந்த வெள்ளைக்குள்ளும் ஓர் ஓரத்தில் மட்டும் புல் முளைத்தது என்றும், அந்த ஓரத்தில் என்ன இருந்தது என்று அன்றிலிருந்து தெரிந்துகொள்ள ஆசை என்றும் எழுதியிருந்தாள்.

விண்ணப்பிக்கக் கொடுத்த கடைசி நாளன்று அவளுக்கு முப்பத்தைந்து வயதும் நாற்பது நாளும் ஆகியிருந்தன.

இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தத் திட்டத்தில் யாருக்கும் தளர்வு இல்லை. 'வயது வரம்பு மீறியது, தகுதி இல்லை' என்று எழுதினேன். எழுதும்போது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் விதிப்படி சரியாகச் செய்கிறோம் என்ற நிம்மதியும் இருந்தது.

அப்போது ராஜமாணிக்கம் சார் கண் அறுவைச் சிகிச்சைக்காக விடுப்பில் இருந்தார். பொறுப்பில் இருந்த அதிகாரி கோப்பை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். யாரும் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், 'தளர்வு இல்லை' என்ற இடத்தில், இது எந்த வருஷத்து விதி என்ற சந்தேகம் எனக்கு வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம்.

ஐந்து பேரை நேர்முகத்துக்கு அழைத்தோம். ஒருவர் தேர்வாகிச் சேர்ந்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து வேறொரு வேலைக்காக நிதிப் பிரிவுக்குப் போனேன். அங்கே ஒரு கோப்பில் டெல்லியிலிருந்து வந்த சுற்றறிக்கை ஒன்று இருந்தது. முதல் பக்கம் முழுவதும் வீட்டு வாடகைப்படி பற்றியது. அதனால் அது நேராக நிதிப் பிரிவுக்குப் போயிருக்கிறது. பக்கத்தைத் திருப்பினேன். பெண் ஆய்வாளர்களுக்கு வயதில் ஐந்து ஆண்டு தளர்வு என்று இரண்டாம் பக்கத்தின் கீழே இருந்தது. எங்கள் விளம்பரத்துக்கு ஏழு மாதம் முந்தைய தேதி.

நின்றபடியே மூன்று முறை படித்தேன். நிதிப் பிரிவில் இருந்த பெண், "என்ன மேடம், தண்ணி வேணுமா?" என்று கேட்டாள்.

அன்று மாலை வரை யோசித்தேன். யாருக்கும் தெரியாது. சேர்ந்தவர் சேர்ந்தாகிவிட்டது. வளர்மதிக்கு வயது தாண்டிவிட்டது என்று அவளே நம்பிக்கொண்டிருப்பாள். அந்தத் தாளை இருந்த இடத்தில் வைத்துவிட்டால் ஒன்றும் நடக்காது. இப்படி யோசித்தேன் என்பதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. மறுநாள் காலை குறிப்பு எழுதி எடுத்துக்கொண்டு போனேன். ராஜமாணிக்கம் சார் வேலைக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகியிருந்தது.

"உட்காருங்க, வாசிங்க."

வாசித்தேன். என்னால் நேர்ந்த பிழை என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. நானாகவே மறுபடி தொடங்கி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"சேர்ந்தவரை எடுக்க முடியாது. அவர் மேல தப்பு இல்லை" என்றார். கூடுதலாக ஓர் இடம் கேட்டு டெல்லிக்கு எழுதலாம் என்றார். என்னிடம் விளக்கம் கேட்டு அன்றே ஒரு குறிப்பாணையும் கொடுத்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"இதை அந்தப் பொண்ணுகிட்ட நேர்ல போய்ச் சொல்லணும்னு விதி எதுவும் இல்லைங்க. சொல்லக் கூடாதுன்னும் இல்லை."

சனிக்கிழமை விடியற்காலை பஸ் ஏறினேன். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வளர்மதியின் அப்பா முருகையன் வீட்டு வாசலில் படகு இன்ஜினைப் பிரித்துச் சாக்கில் பரப்பி வைத்திருந்தார். பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்து கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நல்ல செய்தி என்று நினைத்துவிட்டார் போல. "வளரு, யாரு வந்திருக்காங்கன்னு பாரு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்த விதத்தில் அது தெரிந்தது. அந்தக் குரலை மறக்க நான் எவ்வளவோ முயன்றிருக்கிறேன்.

வளர்மதி வந்தாள். ஒல்லியான பெண். நான் நின்றபடியே சொன்னேன்.

"உங்க விண்ணப்பத்தைத் தப்பா நிராகரிச்சுட்டோம். உங்களுக்குத் தகுதி இருந்துச்சு. தகுதி இல்லைன்னு எழுதினது நான்தான்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"எத்தனை பேரைக் கூப்பிட்டீங்க மேடம்?"

"அஞ்சு பேர்."

"நான் ஆறாவது" என்றாள்.

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என்னை உட்காரச் சொன்னாள். அந்தச் சுற்றறிக்கையின் நகல் ஒன்று கிடைக்குமா, அடுத்த விண்ணப்பத்தில் தானே சேர்த்து வைத்துவிடுவேன் என்றாள். கொண்டுபோயிருந்தேன். கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்க்காமல் நேராக இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் படித்தாள். படித்ததும் மடித்து, கைக்குள் வைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது முருகையன் விடவில்லை. "இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து சொல்றீங்க. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார். அவர் மனைவி மீன் குழம்பு ஊற்றினார். அந்த வீட்டில் அன்று ஒரு வாய் சாப்பிடுவது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் சாப்பிட்டேன். அவர்கள் மூவரும் எதிரே இருந்தார்கள்.

டெல்லியிலிருந்து நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. கூடுதல் இடத்துக்கு வழி இல்லை. இதற்கு இடையில் இன்னொன்று நடந்தது. தேர்வாகிச் சேர்ந்தவர் ஐந்தாவது மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் நிரந்தர வேலை கிடைத்துப் போய்விட்டார். காத்திருப்புப் பட்டியலில் இருந்தவரும் வேறு ஊரில் சேர்ந்துவிட்டார். வளர்மதியைச் சேர்க்கலாமே என்று கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நேர்முகத்துக்கே வராதவர் பட்டியலில் இருக்க முடியாது. அந்த நிதியாண்டுக்குள் இடத்தை நிரப்பியாக வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை, புதிதாக விளம்பரம் செய்யக் காலம் இல்லை. ராஜமாணிக்கம் சார் இரண்டு முறை துணைவேந்தரைப் போய்ப் பார்த்தார். மூன்றாவது முறை போகவில்லை. இடம் காலாவதி ஆயிற்று. இடம் காலியாக இருந்தது, அதற்கு ஏற்ற ஆளும் இருந்தாள். இரண்டையும் சேர்த்து வைக்க ஒரு வழியும் இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் இடம் தேடுகிறவளாக ஆனேன். செந்தில் கேட்டது இந்தப் பகுதியைத்தான் என்று நினைக்கிறேன்.

தினமும் அலுவலகத்துக்கு அரைமணி முன்னதாகப் போய்விடுவேன். எந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன திட்டம் வந்திருக்கிறது என்று அவரவர் இணையப் பக்கத்தில் பார்ப்பேன். அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன். மண், நுண்ணுயிர், உப்பு என்ற சொற்கள் கண்ணில் பட்டால் வளர்மதிக்கு அனுப்புவேன். போகப்போகச் சில விஷயங்கள் பிடிபட்டன. விளம்பரம் வந்த பிறகு தேடுவது தாமதம். திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த செய்தி வந்ததுமே அந்த விஞ்ஞானிக்கு எழுத வேண்டும். நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். அவருடைய கடைசிக் கட்டுரையைப் படித்துவிட்டு, அதில் உனக்குப் புரியாத ஒன்றைக் கேள், உன்னால் செய்ய முடிந்த ஒன்றைச் சொல், நாலு வரி போதும். பரிந்துரை தருகிறவரிடம் கேட்காமல் அவர் பெயரை எழுதாதே. விதி எந்த வருஷத்தது என்று பார். அந்தக் கடைசி வரியை நான் எல்லாரிடமும் சொன்னேன். ஏன் சொல்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை.

ஒன்றரை ஆண்டில் வளர்மதி பத்தொன்பது இடங்களுக்கு விண்ணப்பித்தாள். இரண்டு நேர்முகம் வந்தது, இரண்டும் கிடைக்கவில்லை. இருபதாவது நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம். கடலை அணை போட்டுத் தடுத்த நிலத்தில் உப்பு மண் ஆராய்ச்சி. அந்த விளம்பரத்தை அவளுக்கு அனுப்பியவள் நான்தான். உடனே இடம் கிடைத்தது. போன் செய்தாள். குரலில் சந்தோஷம் இல்லை.

"போகவா மேடம்? அந்த மண்ணு எனக்கு என்ன தெரியும்?"

ரெண்டு வருஷம்தானே, அனுபவத்தோடு திரும்பி வந்தால் இங்கே நல்ல இடமாகவே கிடைக்கும் என்று சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்.

அடுத்த ஆண்டு ஆனி மாதம் அவள் அப்பாவுக்கு அறுபது முடிந்து, திருக்கடையூரில் கல்யாணம். வளர்மதி ஒரு வார விடுப்பில் வந்திருந்தாள். என்னையும் அழைத்திருந்தார்கள். முருகையன் மாலையும் பட்டு வேட்டியுமாக வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சடங்கு முடிந்து எல்லாரும் வேனில் வேதாரண்யம் திரும்பும்போது, தலைஞாயிறு தாண்டி ஓர் இடத்தில் வளர்மதி வண்டியை நிறுத்தச் சொன்னாள். இன்னும் தண்ணீர் வந்து சேராத வயல். வெடித்த மண்ணின் மேல் உப்பு மாவு தூவியது போலக் கிடந்தது. பட்டுச் சேலையோடு வரப்பில் இறங்கி மண்டியிட்டு, ஒரு கை மண்ணை எடுத்தாள். விரல்களால் உடைத்துப் பார்த்தாள். முகர்ந்தாள். வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஒரு பையில போட்டு எடுத்துக்கயேன்" என்றேன்.

"மண்ணை அங்க கொண்டுபோக முடியாது மேடம். விமான நிலையத்துலயே வாங்கிடுவாங்க" என்றாள். சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, எடுத்த இடத்திலேயே போட்டாள்.

இரண்டு வருஷம் நான்காயிற்று. வேலை நிரந்தரமாயிற்று. அங்கேயே வேலை பார்க்கும் காரைக்கால்காரர் ஒருவரை மணந்தாள். ஒரு பெண் குழந்தை, இப்போது பள்ளிக்கூடம் போகிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதுகிறாள், எனக்கும் அனுப்புவாள். அதில் வரும் ஊர்ப் பெயர்கள் என் வாயில் நுழைவதில்லை. நன்றாக இருக்கிறாள். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் போனில் பேசும்போதெல்லாம் முதலில் கேட்பது, ஆற்றில் தண்ணீர் விட்டாச்சா, கடைமடைக்கு வந்துவிட்டதா என்பதைத்தான்.

முருகையனும் எனக்கு மாதம் ஒரு முறை போன் செய்வார். கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். உடம்பு, மழை, மீன்பாடு எல்லாம் பேசிவிட்டு, வைப்பதற்கு முன்னால்தான் கேட்பார்: "நம்ம பக்கம் வளருக்கு ஏதாவது வந்திருக்காம்மா?" நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் என்னிடம்தான் கேட்பார். அந்தக் கேள்விக்காகவே நான் இப்போதும் தினமும் காலையில் அந்த இணையப் பக்கங்களைப் பார்க்கிறேன்.

போன வாரம் ஒன்று வந்தது. எங்கள் பல்கலைக்கழகத்திலேயே. வெளிநாட்டில் இருக்கும் ஆய்வாளர்கள் திரும்பி வருவதற்கான திட்டம். கடைமடை உப்பு நிலங்கள். மூன்று ஆண்டுகள், அதற்குப் பிறகு உறுதி ஏதும் இல்லை. வயது நாற்பது, பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு. வளர்மதிக்கு நாற்பத்து நான்கு.

மூன்று நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். நிரந்தர வேலையையும் குழந்தையின் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டு வா என்று சொல்ல நான் யார்? ஒரு முறை நான் எழுதிய ஒரு வரியால் அவள் வாழ்க்கை வேறு பக்கம் போயிற்று. மறுபடியும் அதில் கை வைப்பதா? ஆனால் மறைத்து வைத்தால் அதுவும் ஒரு நிராகரிப்புதானே என்று தோன்றியது. நான்காம் நாள் அனுப்பினேன். வேறு ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

அன்று மாலையே பதில் வந்தது.

"பார்த்தேன் மேடம். அஞ்சு தடவை படிச்சுட்டேன். அவர்கிட்ட பேசணும், யோசிக்கணும். அப்பாகிட்ட மட்டும் இப்ப சொல்லிடாதீங்க."

மறுநாள் காலை முருகையன் போன் செய்தார். காற்று மாறியிருக்கிறது என்றார். மூட்டு வலி தேவலை என்றார். தம்பிகளில் ஒருவன் புதுப் படகு எடுத்திருப்பதைச் சொன்னார். பிறகு வழக்கம்போல, "ஏதாவது வந்திருக்காம்மா?" என்று கேட்டார்.

"பாத்துக்கிட்டே இருக்கேன் ஐயா" என்றேன்.

"பாருங்க, பாருங்க. அவசரம் ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டு வைத்தார்.